கரண்டைக்கால் தேய்மானம்: பெல்ட் போட்டும் ஏன் வலிக்கிறது?

முழங்கால் தேய்மானத்துக்கு வயதும் உடல் எடையும் பெரிய காரணங்கள். கரண்டைக்கால் கதை வேறு. துருவிக் கேட்டால் பெரும்பாலும் பழைய அடி ஒன்று வெளியே வரும். எப்போதோ பைக்கிலிருந்து விழுந்து போட்ட மாவுக்கட்டு, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு மறந்துபோன சுளுக்கு. அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆள் என்றால் மாடு பிடித்த கதையும் சேர்ந்தே வரும்.

"ரோட்டுல நடந்துருவேன் சார், வரப்புல கால வச்சாத்தான் உசுரு போகுது" என்றார் மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். காலில் மருந்துக்கடையில் வாங்கிய மெல்லிய எலாஸ்டிக் உறை. பாதத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன். உறையும் கூடவே வளைந்தது. அந்த உறை கதகதப்பு தரும், வீக்கத்தைக் கொஞ்சம் அமுக்கும், அவ்வளவுதான். தேய்ந்த குருத்தெலும்பை எந்த பெல்ட்டும் வளர்க்காது. வலிக்கிற அசைவைத் தடுப்பதுதான் அதன் வேலை.

வரப்பு, மேடுபள்ளம் என்று நடப்பவர்களுக்கு, இரண்டு பக்கமும் பட்டை வைத்து முன்னால் லேஸ் கட்டும் பெல்ட்டைத்தான் முதலில் சொல்வேன். குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, பாதத்தைச் செங்கோணத்தில் வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். தொங்கவிட்ட காலில் கட்டினால் எழுந்து நின்றதும் தளர்ந்துவிடும். படி இறங்கும்போதும் முன்பக்கம் குத்துகிறது என்றால் அது போதாது. கெண்டைக்கால்வரை ஏறும், அளவெடுத்துச் செய்யும் பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ. (கரண்டையையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கி) தேவைப்படலாம். அதோடு, அடிப்பாகம் முன்னால் வளைந்து உருளும் ஷூவும் இருந்தால் நடை சுலபமாகும்.

ஷூ என்றதும் பலர் முகம் சுருங்கும். ஹவாய் செருப்பில் பெல்ட் நிற்காது. பின்னால் வார் வைத்த சேண்டலாவது வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் கல்தரையில் பிளாஸ்டிக் பெல்ட் வழுக்கும். அன்றைக்கு லேஸ் பெல்ட்டும், வலிக்காத பக்கத்துக் கையில் ஒரு தடியும் போதும்.

நம்மூர் வெயிலுக்கு உள்ளே சுருக்கமில்லாத பருத்தி சாக்ஸ் அவசியம். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணியில் மறையாவிட்டால் பெல்ட்டைச் சரிசெய்யாமல் மறுபடி போட வேண்டாம். தூங்கும்போது கழற்றிவிடலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மரத்த காலில் பெல்ட் உரசிப் புண்ணானாலும் தெரியாது. கரண்டை வீங்கிச் சூடாக இருந்தும் அவ்வளவாக வலி இல்லையென்றால் பெல்ட் வாங்கக் கிளம்பாதீர்கள். காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.