விரல் மரத்துப்போனால் வண்டியை நிறுத்துங்கள்

போன ஜனவரியில் ஒரு மாலை, டொரோண்டோ ஸ்கார்பரோவில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு ஒரு தம்பி வந்தார். திருச்சிப் பக்கம். படிக்க வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மாலையில் மின்சார சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொட்டுப் பார்த்தால் மெழுகுத் துண்டு போல விறைத்திருந்தன.

"முதல்ல உயிர் போற மாதிரி வலிச்சுது டாக்டர். அப்புறம் தானா நின்னுடுச்சு. சரி, பழகிடுச்சுன்னு இன்னும் மூணு ஆர்டர் எடுத்தேன்."

அந்தப் "பழகிடுச்சு"க்காகத்தான் இதை எழுதுகிறேன். நரம்பு மரத்துப்போனதால் வலி நின்றிருக்கிறது. கடுங்குளிரில் தோல் உறையத் தொடங்கும் கட்டம் அது, உறைபனிக் காயம் என்போம். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் அப்போது கைக்குத் தெரியாது. பனி உறைந்த சாலையில் அது இன்னொரு ஆபத்து.

வலது கை மட்டும் ஏன்? ஒவ்வொரு ஆர்டருக்கும் கையுறையைக் கழற்றிப் போனைத் தட்டியிருக்கிறார். பிறகு அதே இரண்டு விரல்கள்தான் இரும்பு பிரேக் லீவரின் மேல் கிடந்திருக்கின்றன. உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அன்று -15 டிகிரி. மணிக்கு 20 கி.மீ. காற்று அடித்தால், கனடா வானிலைக் கணக்குப்படி தோலுக்கு அது -24 போல. எதிர்க்காற்றில் ஓட்டினால் நம் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். இந்தக் கணக்கு -28ஐத் தொட்டுவிட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம்.

கை குளிர்ந்தால் எல்லோரும் கையுறையைத்தான் பார்க்கிறோம். நான் முதலில் கேட்பது உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடல் முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். மின்சார சைக்கிளில் காலுக்கு அதிக வேலை இல்லை, அதனால் உடம்பும் சூடேறாது. மிதித்து ஓட்டுபவரைவிட இவர்களுக்குக் கை சீக்கிரம் விறைப்பது இதனால்தான். ஆகவே உள்ளே கம்பளி பனியன், கழுத்துக்குத் துணி. அப்புறம் மணிக்கட்டு. அங்கே ரத்தக்குழாய் தோலை ஒட்டி ஓடுகிறது. ஜாக்கெட் கைக்கும் கையுறைக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இடைவெளி இருந்தால்கூட காற்று நேராக அங்கேதான் அடிக்கும்.

கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட, நான்கு விரலும் ஒன்றாக உள்ளே போகும் மிட்டன் நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். டெலிவரிக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பெரிய உறை. காற்று படாமல் கையையும் பிரேக்கையும் அது மூடிவிடும். உள்ளே போன் தொடுதிரையில் வேலை செய்யும் மெல்லிய கையுறை போதும், அதைக் கழற்றவே வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிப் போடாதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பருத்தியும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போலத்தான். சூட்டுக்கு ஒரு தம் என்று நிறுத்துபவர்களுக்கு: நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

நிறம் பற்றி ஒன்று. உறைபனிக் காயத்தில் தோல் வெளுக்கும் என்று படங்களில் போட்டிருப்பார்கள். நம் தோலில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியாது. சாம்பல் பூத்தது போல, உயிரற்று இருக்கும். நகத்தடியையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பாருங்கள்.

விரல் மரத்துப்போனால் உடனே நிறுத்திவிட்டு ஏதாவது கடைக்குள் போங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். விரலை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கக் கூடாது, அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டக் கூடாது; மரத்த விரல் வெந்தாலும் தெரியாது. சில நிமிடத்தில் உணர்வு வராமல் கெட்டியாகவே இருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போக நேரமாகும், மறுபடி குளிரில் உறையாது என்றால், 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வரை வைக்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையால் சூடு பார்ப்போமே, அப்படிப் பார்த்த பிறகு கையை விடுங்கள். உணர்வு திரும்பும்போது வலி கடுமையாக இருக்கும். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள்.

லேசான குளிரிலேயே விரல் வெளுத்து, நீலித்து, பிறகு சிவப்பவர்களும், ரத்த அழுத்தத்துக்கோ மைக்ரேனுக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் பனிக்காலத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அந்தத் தம்பிக்குச் சில வாரங்களில் தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. விரல் பிழைத்தது. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தால்கூட அந்த இரண்டு விரலும் சுருக்கென்று குத்துகிறது என்கிறார். இது எத்தனை நாளில் போகும் என்று கேட்டார். சிலருக்கு மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.