கிடந்தால் என்ன என்று விடப்படும் பில்ட் ஸ்கிரிப்டுகள்

திறந்த மூலத் திட்டம் ஒன்றுக்குப் புதிதாகப் பங்களிக்க வந்த ஒருவர், சென்ற வாரம் இரண்டு நாள் உழைப்பை இழந்தார். பில்ட் செய்யும் முறை, அதாவது மூல நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் முறை, வழிகாட்டிக் கோப்பில் தெளிவாக இல்லாததால், நிரல் களஞ்சியத்தின் ஒரு மூலையில் கிடந்த பழைய துணை ஸ்கிரிப்டை (கட்டளைகள் அடங்கிய கோப்பை) அவர் இயக்கிப் பார்த்திருக்கிறார். பில்ட் கோப்புறைக்குள் சென்று அங்குள்ளவற்றை அழிப்பதுதான் அதன் முதல் வேலை. கோப்புறையின் பாதையை மாறியில் வைத்துத் தரும் கோப்பு எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது. மேற்கோள் குறியில்லாத வெற்று மாறியோடு கோப்புறை மாற்றச் சொன்னால், கட்டளைகளை இயக்கும் ஷெல், பயனரின் முகப்புக் கோப்புறைக்குப் போய்விடும். அழிப்புக் கட்டளையும் அங்கேயே நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு எடுத்த காப்பு நகல் மட்டும் இல்லையென்றால் இழப்பு இரண்டு நாளோடு நின்றிருக்காது.

பில்ட் அமைப்புகளைப் பராமரிப்பதும், மென்பொருள்களை உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களுக்கு, நிறுவத் தயாரான பொதிகளாக்குவதும் என் தொழில். இதுபோன்ற ஸ்கிரிப்டுகளைச் சுட்டிக்காட்டும் ஒவ்வொரு முறையும் பராமரிப்பாளர்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “அதை யாரும் பயன்படுத்துவதில்லை, கிடந்தால் என்ன?” இந்த எண்ணம் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

யாரும் பயன்படுத்துவதில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? நாம் பயன்படுத்துவதில்லை என்பது மட்டுமே நமக்குத் தெரியும். களஞ்சியத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட், இயக்கலாம் என்ற அனுமதியோடுதான் புதியவரின் கண்ணில் படுகிறது. அது கைவிடப்பட்டது என்று எங்கும் எழுதப்படவில்லை. அந்த ஸ்கிரிப்ட் மாறாமல் இருந்தாலும், அதைச் சுற்றியிருப்பவை மாறிக்கொண்டே இருக்கின்றன. களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் குறியாக்கமற்ற நெறிமுறையை 2022-இல் நிறுத்தியது. அந்த முகவரியை எழுதி வைத்திருந்த பதிவிறக்க வரிகள் அன்றோடு செத்தன. 2023-இல் வந்த பைத்தான் 3.12-இல், பைத்தான் நிரல்களைப் பொதியாக்கவும் நிறுவவும் உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது. முதல் வரியில் சாதாரண ஷெல்லைக் குறிப்பிட்டுவிட்டு உள்ளே பாஷ் தொடரியலை எழுதிய ஸ்கிரிப்டுகள், உபுண்டு 2006-இல் அந்தச் சாதாரண ஷெல்லாக, பாஷின் கூடுதல் தொடரியல் புரியாத டாஷை வைத்ததிலிருந்து இன்றுவரை எனக்கு வேலை வைக்கின்றன.

இயந்திர வகையைக் கண்டறியும் ‘கான்ஃபிக்.கெஸ்’, ‘கான்ஃபிக்.சப்’ ஆகிய இரண்டும் தனி இனம். இவை குனு திட்டத்திலிருந்து நகலெடுத்து வைக்கப்படுபவை. பழைய நகலுக்கு 64-பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் போன்ற செயலி வகைகள் இருப்பதே தெரியாது. நிரலில் ஒரு வழுவும் இல்லாமலேயே பொதி அங்கே பில்ட் ஆகாது. இவற்றை நீக்கக் கூடாது, புதுப்பிக்க வேண்டும். கோப்பின் தொடக்கத்திலேயே தேதி இருக்கிறது, தயவுசெய்து அதைப் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் சிலர் மிகை என்கிறார்கள். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவை (ரகசிய நுழைவழியை) ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருளாளர் வெளிப்படுத்தினார். தொலைக் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் நுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதமானதுதான் அவரை ஆராய வைத்தது. 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் தாக்குதலைத் தொடங்கி வைத்த வரிகள், ஒரு வழக்கமான எம்4 பில்ட் கோப்பின் பெயரில், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன. கிட் களஞ்சியத்தில் இல்லை. அது பழைய ஸ்கிரிப்ட் அன்று. ஆனால் பில்ட் கோப்புகளை யாரும் வாசிப்பதில்லை என்ற நம் பழக்கத்தில்தான் அது ஒளிந்திருந்தது. பயனற்ற பத்துக் கோப்புகளுக்கு நடுவே பதினொன்றாவதை யார் வாசிக்கப் போகிறார்கள்?

இதற்காக ஒரே நாளில் கோப்புறை முழுவதையும் அழித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தவர்களின் வெளியீடுகளையும் நான்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஸ்கிரிப்டின் பெயரைக் களஞ்சியம் முழுவதும் தேடுங்கள். சிஐ (தானியங்கி பில்ட், சோதனை) அமைப்புகளையும் ஆவணங்களையும் வெளியீட்டுத் தொகுப்பில் சேரும் கோப்புகளின் பட்டியலையும் விடாதீர்கள். வழங்கல்களின் பொதிக் குறிப்புகளும் உங்கள் ஸ்கிரிப்டை அழைக்கக்கூடும், அவை உங்கள் களஞ்சியத்தில் இருக்காது. ஐயம் இருந்தால், ஒரு வெளியீட்டுக்கு மட்டும் அதே பெயரில், புதிய முறையைச் சொல்லிவிட்டுப் பிழைக்குறியோடு வெளியேறும் இரண்டு வரி ஸ்கிரிப்டை வையுங்கள். முறையிட வேண்டியவர்கள் அதற்குள் வந்துவிடுவார்கள். ஒரு கமிட்டில் (கிட்டில் பதியும் ஒரு மாற்றத்தில்) ஒரு ஸ்கிரிப்டை மட்டும் நீக்குங்கள். அதை ஏன் நீக்கினீர்கள், அதற்குப் பதிலாக எது இருக்கிறது என்று கமிட் குறிப்பில் எழுதுங்கள். வரலாறு கிட்டில் இருக்கிறது. “பிறகு தேவைப்படலாம்” என்று பிரதான கிளையில் பாதுகாக்க வேண்டியதில்லை.

மீதம் வைக்கும் ஸ்கிரிப்டுகளில், மாறி காலியாக இருந்தால் அந்த இடத்திலேயே நிற்கும்படி எழுதுங்கள். அழிப்புக் கட்டளை உள்ள வரிகளை இன்றே தேடிப் பாருங்கள். சென்ற வாரம் தம் கோப்புகளை இழந்தவர், அதன் பிறகும் தாம் எழுதிய திருத்தத்தை அனுப்பியிருக்கிறார். அவருடைய இரண்டாவது திருத்தம் அந்த ஸ்கிரிப்டை நீக்குவது. நேற்று அதை ஏற்றுக்கொண்டார்கள்.