ஒரே வசம்பு, மூன்று கணக்கு

"அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்க்கத் தடை. நம் வீட்டிலோ அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். எது சரி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதலில், எந்த வசம்பு என்று கேட்க வேண்டும்.

செல்லில் மரபுச் செய்தியைச் சுமப்பவை குரோமோசோம்கள். வசம்பில் ஒரு தொகுதிக்கு 12. வட அமெரிக்கச் செடியில் இரண்டு தொகுதி, அதாவது 24. ஐரோப்பியச் செடியில் 36. ஆசியாவில் பரவலாக உள்ளதில் 48. இமயமலைப் பக்கம் 36-ம் உண்டு. 24 உள்ள அமெரிக்கச் செடியின் எண்ணெயில் பீட்டா-அசரோன் (தடைக்குக் காரணமான வேதிப்பொருள்) கிடையாது. ஐரோப்பிய 36-இல் கொஞ்சம். 48-இல் எண்ணெயின் பெரும்பகுதியே அதுதான். தொகுதி இரட்டித்ததால் வேதிப்பொருளும் இரட்டித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பூஜ்யத்தை இரட்டித்தால் பூஜ்யம்தானே!

36 தான் வேடிக்கையான ஆள். மகரந்தம் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். இங்கே ஒவ்வொரு வகையிலும் மூன்று. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று போகும். 12 வகையும் ஒரே மாதிரி பிரிந்தால்தான் குறையில்லாத தொகுதி கிடைக்கும். நாணயத்தை 12 முறை சுண்டி, எல்லாம் தலையாகவோ எல்லாம் பூவாகவோ விழுவது போல: 2,048-இல் ஒன்று. அதனால் விதை பிடிப்பதில்லை. 1574-இல் வியன்னாவில் தாவரவியலாளர் குளூசியஸ் வளர்த்த பின், கிழங்கை முறித்து நட்டுத்தான் அது ஐரோப்பாவில் பரவியது. மகரந்தத்தில் அசிட்டோகார்மின் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: நல்லது உருண்டு சிவக்கும், மலட்டு மகரந்தம் சுருங்கி வெளிறிக் கிடக்கும்.

குரோமோசோம்களை எண்ணிப் பார்க்க வளரும் வேர்நுனி வேண்டும். 0.002 மோலார் 8-ஹைட்ராக்சிகுயினோலினில் 3 மணி நேரம் குளிர்ச்சியாக வைத்து, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 கலந்த கரைசலில் ஒரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு 60 டிகிரியில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 8 முதல் 10 நிமிடம். சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்க்கலாம். முதல் படியைத் தவிர்த்தால் குரோமோசோம்கள் கதிரில் (செல் பிரியும்போது அவற்றை இழுக்கும் இழைகள்) ஒட்டிக் குவிந்துவிடும், 36-ஆ 48-ஆ என்று சொல்லவே முடியாது. அமிலத்தில் கூடுதலாக விட்டால் நுனி கூழாகிவிடும்.

1968 தடைக்குப் பின்னால் இருந்தவை, அசரோன் மிகுந்த ஜம்மு வசம்பு எண்ணெய் தின்று குடலில் கட்டி வந்த எலிகள். தடையோ அசரோனே இல்லாத அமெரிக்கச் செடிக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது காய்ந்த துண்டு; அதில் குரோமோசோம் எண்ண முடியாது. வாயு வண்ணப்படிவு என்ற, கலவையைப் பொருள் பொருளாகப் பிரிக்கும் கருவியில் எண்ணெயை ஓட்டி அசரோனை அளக்கலாம், ஆனால் அந்த அளவை அட்டையில் போட்டு விற்பவர் யார்? அதுவரை கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். வசம்பு வளையலும் அப்படித்தான்: கையில் கட்டினாலும் குழந்தை அதை வாயில்தான் வைக்கும்.