டிஸ்க் மக்கர் பண்ணினால் முதலில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள்

டேட்டா மீட்டுத் தரச் சொல்லி என்னிடம் வரும் ஹார்டு டிஸ்க்குகளில் பலவற்றைப் பழுது கெடுத்ததைவிட, பழுதான பிறகு நடந்த அவசர வைத்தியம் கெடுத்ததுதான் அதிகம். கணக்கு மென்பொருளான டேலி திறக்கவில்லை, டி டிரைவைத் தொட்டால் ஃபார்மேட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்கிறது, உடனே தெரிந்த தம்பி ஒருவர் வந்து, விண்டோஸோடு வரும் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுகிறார், அதிலும் ஆகவில்லை என்றால் ஒரு ரெக்கவரி மென்பொருளை இறக்கி அதே டிரைவிலேயே போடுகிறார்.

செக்டிஸ்க் டிரைவின் கோப்பு அமைப்பைத்தான் ஒழுங்காக்கும், உங்கள் கணக்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எந்த ஃபைலோடும் சேராத துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நின்றுவிடும். போட்டோ என்றால் அதில் சிலவற்றையாவது திறந்து பார்க்கலாம். டேட்டாபேஸ் ஃபைல் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து டிஸ்க்கில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் 8 கேபி பக்கங்களாக எழுதுகிறது, இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதி இன்னோடிபி வழக்கமாக 16 கேபி. ஒரு பக்கத்தைப் பிடித்துத்தான் அடுத்த பக்கத்துக்கே போக முடியும் என்பதால் நடுவில் சில பக்கங்கள் போனாலே மொத்தமும் திறக்க மறுக்கலாம். எனக்கு அதைவிடப் பயம், அரைகுறையாகத் திறந்துவிடும் டேட்டாபேஸ்தான். லெட்ஜர் எல்லாம் இருக்கும், சில வவுச்சர்கள் மட்டும் இருக்காது, ஆடிட்டர் கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

அதனால் டிஸ்க் தகராறு செய்கிறது என்று தெரிந்ததும் மெஷினை அணைத்துவிடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் போயிருக்கும், அதற்கு எந்த மென்பொருளும் உதவாது, தூசியில்லாத அறை வைத்திருக்கும் லேபுக்குத்தான் போக வேண்டும். தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் இருந்ததும் போகும்.

சத்தம் இல்லை, படிக்க மட்டும் திணறுகிறது என்றால் அதை வேறொரு மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் கரன்ட் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். அப்புறம் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், எடுங்கள். இலவசம்தான். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும், எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இமேஜ் கிடைத்ததும் அசல் டிஸ்க்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எல்லா முயற்சியையும் அந்த இமேஜின் நகலில் செய்யுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வர் என்றால் டேட்டா ஃபைலான எம்டிஎஃப், லாக் ஃபைலான எல்டிஎஃப் இரண்டையும் தேடுங்கள். டேலி என்றால் 10000 மாதிரி எண் பெயர் கொண்ட கம்பெனி ஃபோல்டர் முழுசாக வேண்டும். இன்னோடிபி என்றால், பழுதான டேட்டாபேஸைக் கட்டாயமாகத் திறக்கவைக்கும் ஃபோர்ஸ் ரெக்கவரி அமைப்பை 1-லிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். 4-ம் அதற்கு மேலும் டேட்டாவை நிரந்தரமாகவே கெடுத்துவிடக்கூடும், நகலில் வேலை செய்யச் சொல்வதே இதற்காகத்தான். எஸ்எஸ்டியில் அழித்த ஃபைல் என்றால் அழித்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் ட்ரிம் கட்டளை அதைச் சீக்கிரமே துடைத்துவிடும், அங்கே நம்பிக்கை குறைவு.

மீட்டது திறந்துவிட்டது என்று அன்றைக்கே பில் போட ஆரம்பிக்காதீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் ஏற்கெனவே தாக்கல் செய்த விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 இருக்கிறது, மாதாமாதம் விற்பனைத் தொகையை அதோடு ஒப்பிடுங்கள், பில் எண் எங்காவது தாவியிருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த மாதம் இடிக்கிறதோ அந்த மாதத்துப் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு விடுபட்டதைத் திரும்ப ஏற்றலாம்.