கழுத்துக் கட்டிக்கு உரம் எடுக்காதீர்கள்

மீண்டும் ஓர் எட்டு மாதக் குழந்தை. கட்டி கரைந்துவிட்டது; தலைதான் நிமிரவில்லை. மூன்றாம் வாரமே கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குத் தட்டுப்பட்டதாம். உரம் (சுளுக்கு) விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி, அதை எடுக்க எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுபோய்ச் சேலையில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா முழுக்க இதே கதைதான்.

காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புவரை இறங்கும் தசையில் வரும் தடிப்பு அது. பிறந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தெரியும். புற்றுநோய் அல்ல. தலை கட்டியுள்ள பக்கம் சாயும், முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். பெரும்பாலும் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே உறுதியாகிவிடும்.

"உரம் எடுத்தோம், கட்டி போய்விட்டதே டாக்டர்" என்கிறார்கள் அம்மிச்சிகள். போகத்தான் செய்யும், அம்மா! சில வாரம் வளர்ந்து, நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் தானாகவே கரைவது அதன் இயல்பு. நீங்கள் உருட்டினாலும் கரையும், உருட்டாவிட்டாலும் கரையும். பெயர் மட்டும் உருட்டியவருக்கு. ஆனால் கட்டி போன இடத்தில் தசை இறுகிக் குறுகி நின்றுவிடலாம். அதை எந்தச் சேலையும் நீட்டாது. தலை சாய்ந்தே வளர்ந்தால் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகும், முகம் கோணும். முதல் சில மாதங்களிலேயே தசையை நீட்டும் பயிற்சியைத் தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள். உருட்டுவதில் வீணாவது அந்த மாதங்கள்தான்.

கட்டியைத் தேய்க்காதீர்கள், ஒத்தடம் வேண்டாம், தலையை வலிந்து திருப்பாதீர்கள். அந்தப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கைபிடித்துக் கற்றுத்தருவார். குழந்தை எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறதோ அந்தப் பக்கம் நின்று பேசுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருந்து, சற்றுநேரம் குப்புறப் போடுங்கள்.

எல்லாக் கட்டியும் இதுவல்ல. மெத்தென்றிருந்து டார்ச் வெளிச்சத்தில் ஒளிர்வது நீர்க்கட்டியாக இருக்கலாம். காசநோய்க்கு எதிராக இடது தோளில் போட்ட பிசிஜி ஊசியால் அக்குளிலோ, சில சமயம் காறை எலும்புக்கு மேலோ நெறி கட்டலாம். பிதுக்கிவிடாதீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள்.

மூச்சில் சத்தம், பால் குடிக்கத் திணறல், கட்டியின் மேல் சிவப்போ சூடோ, திடீர் வீக்கம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே விதி. இவை எதுவும் இல்லையென்றாலும், கட்டி கண்ணில் பட்ட வாரமே காட்டிவிடுங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசி வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கழுத்தைக் காட்ட வந்த இடத்தில் டயப்பரைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருக்கும். அதையும் பார்த்துத்தான் அனுப்புவோம்.