தகர வாளியில் பூக்கும் துத்தநாகம்

பழைய ஜி.ஐ. வாளி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வாளி ஒன்றை வெயிலில் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். அதன் மேல் பூப்பூவாகத் திட்டுகள் தெரியும். பளிச்சென்று இருந்த ஒரு பூ இருண்டுபோகும், பக்கத்துப் பூ மின்னும். அந்தப் பூ ஒவ்வொன்றும் ஒரு படிகம். மற்ற உலோகங்களில் பொதுவாகப் படிகத்தைப் பார்க்க மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். இங்கே வெறுங்கண் போதும்.

இரும்புத் தகடு சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முங்கி எழுகிறது. துத்தநாகத்தின் உறைநிலை 419.5 டிகிரி. வெப்பநிலை அந்த அளவைத் தொட்டதும் துத்தநாகம் கெட்டியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சில அணுக்கள் வரிசையாகக் கூடினாலும், கூட்டம் சின்னதாக இருக்கும்வரை அதன் மேற்பரப்புக்கு ஆகும் ஆற்றலே அதிகம், கரைந்துவிடும். இன்னும் கொஞ்சம் குளிர்ந்த பிறகே, அதுவும் பெரும்பாலும் தகட்டிலோ ஏதேனும் துகளிலோ ஒட்டிக்கொண்டே, அப்படியொரு கூட்டம் படிகத்தின் கருவாக நிலைக்கிறது.

நிலைத்த கரு உருண்டையாகப் பெருப்பதில்லை. சற்றே துருத்திய முனைக்கு வெப்பத்தை வெளியேற்றுவது எளிது. அது முந்திக்கொண்டு ஓடும். அதன் விலாவிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. துத்தநாக அணுக்கள் அறுகோணமாக அடுக்குபவை. அடுக்கு தகட்டுக்கு இணையாகப் படிந்தால் பனித்துகள் போல ஆறு கைகள் தெரியும், சாய்ந்து படிந்தால் உருவம் கோணலாகும். பளபளப்பு பூவுக்குப் பூ மாறுவதும் இந்தச் சாய்வால்தான். இரு பூக்கள் மோதுமிடம் எல்லைக்கோடு.

பூ பெரிதாவதற்குக் காரணம் உருகிய துத்தநாகத் தொட்டியில் கலந்த ஈயம், 0.1 சதவீதம் அளவே போதும். திடத் துத்தநாகத்தில் ஈயம் ஏறக்குறைய கரையாது, வளரும் படிகம் அதை முன்னே தள்ளிக்கொண்டு போகும். முனையில் மேற்பரப்பு ஆற்றல் குறைய, முனை கூராகி வேகமெடுக்கிறது என்பது பரவலான விளக்கம். புதிய கருக்கள் தோன்றுமுன் இருக்கும் கருக்களே இடத்தைப் பிடித்துவிடும்.

ஆனால் எல்லைக்கோட்டில் ஒதுங்கும் ஈயம் தொல்லை. ஈரத்தில் அரிப்பு அந்தக் கோட்டு வழியே உள்ளே இறங்கும். பெரிய பூ பெயிண்டையும் மீறித் தெரியும். அதனால் பெயிண்ட் அடிக்கும் தகடுகளுக்கு ஈயமில்லாத தொட்டி. இன்னொரு வழி, பூச்சு உறையுமுன் நீர்த்திவலையோ துத்தநாகப் பொடியோ ஊதுவது: ஆயிரக்கணக்கான கருக்கள் ஒரே நேரத்தில் கிளம்ப, எதற்கும் விரிய இடமிருக்காது.

வாங்கும்போது பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள்; துரு தடுப்பது பூச்சின் கனம். சதுர மீட்டருக்கு 275 கிராம் என்றால், அது இரு பக்கமும் சேர்த்த கணக்கு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்).