எரெனுக்கு வக்காலத்து வாங்கும் பிள்ளைகள்

“சார், உலகத்துல முக்கால்வாசிப் பேரைக் கொன்னவனை என் பையன் நியாயப்படுத்துறான்.” பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஆலோசனை தரும் என்னைப் போன்றவர்களிடம் பெற்றோர் கொண்டுவரும் புகார்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. யாரப்பா அவன் என்று விசாரித்தால் எரென் யேகர். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற ஜப்பானிய அனிமேயின் (அனிமேஷன் தொடர்) ஹீரோ. இல்லை, வில்லன். அதில்தான் சண்டையே.

கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். வீட்டில் யாராவது பாதி சீசனில் இருந்தால் அவர்கள் கண்ணில் இதைக் காட்டாதீர்கள்.

பிள்ளைகள் இந்தச் சண்டையை எவ்வளவு தீவிரமாகப் போடுகிறார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. அக்காவும் தம்பியும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள். ‘எரென் செஞ்சதுதான் சரி’ என்று ஒரு கட்சி, ‘அவன் இனப்படுகொலை செய்தவன்’ என்று இன்னொரு கட்சி. முதல் கட்சியில் இருக்கும் பிள்ளையைத்தான் அம்மா அப்பா கவலையோடு அழைத்து வருவார்கள். இரண்டாம் கட்சிப் பிள்ளையை யாரும் அழைத்து வருவதில்லை. ஆனால் எந்தக் கட்சி என்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1958-ல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிறுவர்களிடம் சில சிக்கலான கதைகளைச் சொல்லிக் கேள்வி கேட்டார். அதில் பிரபலமானது ஹைன்ஸின் கதை. மனைவிக்குப் புற்றுநோய். மருந்து தயாரிக்க 200 டாலர்தான் ஆகும், கடைக்காரர் 2,000 கேட்கிறார். ஹைன்ஸால் 1,000 தான் புரட்ட முடிகிறது. அவன் கடையை உடைத்து மருந்தைத் திருடலாமா? திருடலாம் என்றாலும் கூடாது என்றாலும் கோல்பெர்க் மதிப்பெண் போடவில்லை. ஏன் என்று கேட்டபோது பிள்ளை என்ன காரணம் சொன்னான் என்பதை மட்டும்தான் பார்த்தார். ‘மாட்டிக்கொண்டால் ஜெயில்’ என்று மறுப்பவனைவிட, ‘உயிரைவிட ஒருவனுடைய லாபம் பெரிதா’ என்று கேட்டுத் திருடச் சொல்பவன் ஆழமாக யோசித்திருக்கலாம். சரி தவறு பற்றிய யோசனை படிப்படியாக வளர்கிறது என்ற அவருடைய படிநிலைக் கோட்பாட்டுக்குப் பின்னாளில் நிறைய எதிர்ப்பு வந்தது. ஆனால் பதிலை விட்டுவிட்டுக் காரணத்தைக் கேள் என்ற பழக்கம் எங்கள் தொழிலில் நின்றுவிட்டது.

ஹாஜிமே இசயாமா 2009-ல் மங்காவாக (ஜப்பானிய காமிக்ஸ்) தொடங்கிய இந்தக் கதை ஆரம்பத்தில் எளிமையானது. சுவருக்குள் மனிதர்கள், வெளியே மனிதர்களைத் தின்னும் டைட்டன் என்ற ராட்சதர்கள். சுவர் உடைகிறது, சிறுவன் எரெனின் கண் முன்னால் அவன் அம்மாவை ஒரு டைட்டன் தின்கிறது. அனிமேயில் 59 எபிசோடு நாம் அவனோடுதான் இருக்கிறோம். 2013 ஏப்ரலில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு அது ஏழு ஆண்டுப் பழக்கம். 60-வது எபிசோடில் கதை கடலைத் தாண்டி எதிரி நாட்டுக்குப் போகிறது. அங்கே எரெனின் இனத்தவர் கையில் பட்டை கட்டி, தனிக் குடியிருப்பில் அடைபட்டு வாழ்கிறார்கள். அங்கேதான் கேபி என்ற 12 வயதுப் பெண் அறிமுகமாகிறாள். எரெனின் ஊர் இருக்கும் தீவில் வாழ்பவர்கள் எல்லோரும் பேய்கள் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவள்.

எரென் அந்த ஊருக்குள் வந்து தாக்குகிறான். கேபியின் இரண்டு நண்பர்கள் சாகிறார்கள், ஒருத்தி கல்லில் நசுங்கி, இன்னொருவன் கூட்டத்தில் மிதிபட்டு. அவளுக்குத் தெரிந்த வாயில் காவலர்களும் சுடப்படுகிறார்கள். அவள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எதிரியின் வான்கப்பலில் ஏறி முதலில் கண்ணில் பட்டவளைச் சுடுகிறாள். செத்தது சாஷா. கதையிலேயே எல்லோருக்கும் பிடித்த சாப்பாட்டுராமி.

அன்றிலிருந்து கேபி மீது ரசிகர்கள் காட்டிய வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. யோசித்துப் பார்த்தால் கேபியும் சிறுவயது எரெனும் ஒரே அச்சு. வீட்டை இடித்தவர்களை ஒருவர் விடாமல் ஒழிப்பேன் என்று அவனும் சொன்னான், அவளும் சொன்னாள். அவன் சொன்னபோது கைதட்டினோம்.

இந்த இடத்தைத்தான் நான் பிள்ளைகளிடம் பிடித்துக்கொள்வேன். எரெனை நியாயப்படுத்தும் ஒரு பிளஸ் ஒன் மாணவனிடம் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) “சரி, கேபி?” என்று கேட்டேன். “அவளைப் பிடிக்காது சார்.” “ஏன்?” “சாஷாவைக் கொன்னா.” “எரென் அவ ஃப்ரெண்ட்ஸைக் கொன்னானே?” “அது வேற சார்... அவனுக்கு வேற வழி இல்ல.” கொஞ்ச நேரம் கழித்து அவனே, “அவளுக்கும் இல்லதான்” என்றான். உடனே எரெனைக் கைவிட்டுவிடவில்லை. அடுத்த முறை வந்தபோது எரென் எந்த இடத்தில் நின்றிருக்கலாம் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தான். எனக்கு அது போதும்.

நமக்கு நெருக்கமானவன் தப்பு செய்தால் சூழ்நிலையைச் சொல்வோம், அந்நியன் செய்தால் புத்தியே அப்படி என்போம். மனித மனத்தின் மிகப் பழைய ஓரவஞ்சனை இது. இந்தத் தொடர் 59 எபிசோடு நம்மை அதற்குப் பழக்கிவிட்டு, பிறகு நம் மேலேயே திருப்பிவிடுகிறது. வகுப்பெடுத்து இவ்வளவு நன்றாக என்னால் புரியவைக்க முடியாது.

அப்புறம், காரணங்களைக் கேட்கும்போது சில சொற்களுக்குக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மனசாட்சியை அணைத்துவைக்கும் வழிகள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா வகைப்படுத்தியவை இவை: கொலைக்கு அழகான பெயர் வைப்பது, அவர்கள் செய்ததைவிட இது குறைவு என்பது, பொறுப்பை மேலே இருப்பவர் தலையில் போடுவது, எதிராளியை மனிதனாகவே பார்க்காமல் இருப்பது. கேபி வாயில் வரும் ‘பேய்கள்’ கடைசி வகை. அதற்கு இந்தத் தொடரிலேயே ஒரு பதில் இருக்கிறது. தீவில் ஒளிந்திருக்கும் கேபியிடம் காயா என்ற சிறுமி கேட்கிறாள், என் அம்மா என்ன குற்றம் செய்தாள் என்று. அவள் அம்மாவை ஒரு டைட்டன் உயிரோடு தின்றதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். நூறு வருடத்துக்கு முன் உன் முன்னோர் உலகத்தையே கொன்று குவித்தார்கள் என்கிறாள் கேபி. என் அம்மா இங்கேதானே பிறந்து வளர்ந்தாள், அவள் யாரைக் கொன்றாள் என்று காயா திரும்பக் கேட்கிறாள். கேபியிடம் பதில் இல்லை. பெற்றோர் ஒரே ஒரு காட்சி பார்ப்பதானால் இதைப் பாருங்கள் என்பேன். பெரும்பாலும் பேச்சாகவே போகும் காட்சி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். மற்றபடி பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டும் தொடர் இல்லை இது.

முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. தன் தீவைக் காப்பாற்ற என்று எரென் டைட்டன் படையை ஏவி வெளியுலக மக்களில் 80 சதவீதத்தை மிதித்து அழிக்கிறான். 2021 ஏப்ரலில் வந்த மங்காவின் கடைசி அத்தியாயத்தில் நண்பன் அர்மின், எங்களுக்காக நீ கொலைகாரன் ஆனாய் என்று அவனுக்கு நன்றி சொல்கிறான். படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். 2023 நவம்பரில் வந்த அனிமேயில் அந்த வசனம் மாறிவிட்டது. வெளியுலகக் கனவை உனக்குக் காட்டியவன் நான், இதில் எனக்கும் பங்கு உண்டு, நரகத்தில் இருவரும் சேர்ந்தே இருப்போம் என்கிறான் அர்மின். என் கணிப்பில் இரண்டாவதுதான் நேர்மையானது. முதலாவதைப் பிடிவாதமாக ஆதரித்து, அர்மினுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன வாயில் வரும் என்று என்னோடு வாதாடிய பெண்ணும் உண்டு. நன்றாகவே வாதாடினாள்.

பிள்ளைகள் சண்டை போடும் இன்னொரு அனிமே ‘டெத் நோட்’ வேறு மாதிரி. லைட் யாகாமி வகுப்பில் முதல் மாணவன், போலீஸ் அதிகாரியின் மகன். பெயர் எழுதினால் ஆள் சாகும் நோட்டு கிடைத்ததும் குற்றவாளிகளில் தொடங்குகிறான். பின்னால் தன்னைத் தேடிவரும் போலீஸ்காரர்களையும் எழுதுகிறான். முதல் பெயரை எழுதும்போது அவனோடு ஒத்துப்போகாத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. எந்தப் பெயரில் அவனை விட்டு விலகினாய் என்றுதான் கேட்பேன். அவனைத் தேடும் துப்பறிவாளன் ‘எல்’ கூட ஒழுங்கில்லை. தன் இடத்தில் ஒரு மரண தண்டனைக் கைதியை டிவியில் உட்கார வைத்து லைட்டைச் சீண்டுகிறான், அந்தக் கைதி சாகிறான். எல் செய்தது சரியா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், அப்பாவும் அம்மாவுமே இரண்டு கட்சியாவார்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? கதையின் வாதம் நிஜ மனிதர்கள் மேல் இறங்கும்போது. ‘அந்த ஊர்க்காரன் எல்லாரும் இப்படித்தான்’, ‘அந்தச் சாதியே ஒழியணும்’ என்று பேச்சு திரும்பினால் அது அனிமேயிலிருந்து வந்ததாக இருக்காது. எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள், சில சமயம் நம் வீட்டு ஹாலிலிருந்தே வந்திருக்கும். விவாதித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், சாவதைப் பற்றிப் பேசினால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

டெத் நோட் பார்த்துவிட்டு வகுப்புத் தோழர்கள் பெயரை நோட்டில் எழுதிவைக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். பெரும்பாலும் விளையாட்டுதான். ஆனால் எழுதியவனை யாரோ தொடர்ந்து சீண்டிக்கொண்டிருப்பது அந்த நோட்டின் மூலமாகவே வெளியே தெரிந்ததும் உண்டு. அதனால் நோட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு வராதீர்கள். கையோடு கொண்டுவாருங்கள். அதில் முதலில் இருக்கும் பெயர் யாருடையது, அவன் என்ன செய்தான் என்றுதான் பிள்ளையிடம் முதலில் கேட்பேன்.